அம்மா போகாத ஒரு வீடு

எங்கள் அன்னையார் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுநாளுக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கிறோம். இதில் வரும் ஒரு நிகழ்ச்சியை எழுத வேண்டாம் என்று தாய்மாமா சொன்னார். எழுதத்தான் வேண்டும் என்றாள் தங்கை. மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். மனம் அடங்கவில்லை.

அம்மா பொதட்டூர்பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று திருமணம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த சிறிய நீதிமன்றத்தில் அப்பா ஊழியர். எனக்கு ஆறு வயதாகும்போது அவர் மாரடைப்பில் காலமானார். வாரிசு வேலையாக அம்மாவுக்கு அதே இடத்தில், சம்மன்களை வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் பணி கிடைத்தது. ஊரார் 'அமீனாம்மா' என்றார்கள்.

கோடை விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறக்கும் ஜூன் மாதத்தில்தான் எங்கள் வீட்டில் ஆண்டு தொடங்கும். தேங்கிய மனுக்களுக்கெல்லாம் சம்மன் கட்டுக்கட்டாக வரும். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நடப்பார். டிசம்பரில், பழைய வழக்குகளை ஆண்டு முடிவதற்குள் தீர்க்க வேண்டும் என்று அலுவலகமே பரபரக்கும். பிறகு மாவட்ட நீதிபதியின் ஆண்டு ஆய்வு. பதிவேடுகளைச் சரிபார்க்க ஞாயிற்றுக்கிழமையும் போவார். மே மாதம் மட்டும் வீட்டில் இருப்பார். அப்போதும் உட்கார மாட்டார்.

அப்படி ஒரு டிசம்பரில் எனக்குக் கடும் காய்ச்சல். அம்மாவின் பையில் ஒரு சம்மன் இருந்தது. கணவரை இழந்த ஒரு பெண் குடியிருந்த வீட்டைக் கேட்டு, அவருடைய கொழுந்தன் போட்ட வழக்கு. அந்தப் பெண் காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். இரண்டு முறை போயும் வீடு பூட்டியிருந்தது. மூன்றாம் முறை போய், அப்போதும் பூட்டியிருந்தால் சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு வரவேண்டிய நாளில் அம்மா என் தலைமாட்டில், ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கிருந்தே, 'கதவில் ஒட்டப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டார்.

வழக்கு இருப்பதே தெரியாததால் அந்தப் பெண் நீதிமன்றத்துக்கு வரவில்லை. தீர்ப்பு ஒருதலையாகக் கொழுந்தனுக்குப் போனது. ஏப்ரலில் வீட்டைக் காலி செய்வதற்கான நோட்டீஸ் புறப்பட்டது. அதைக் கொண்டுபோனவரும் அம்மாதான். அன்று கம்பெனிக்கு விடுமுறை என்பதால் அந்தப் பெண் வீட்டில் இருந்தார்.

"இன்னாம்மா இது? ஊட்ட காலி பண்ணணுமா? எப்ப கேஸ் போட்டாங்க?"

"டிசம்பர்லயே சம்மன்..." என்று அம்மா தொடங்கினார்.

"ஒரு பேப்பரும் வர்லமா. வந்திருந்தா லீவு போட்டுக்கினு ஓடியாந்திருக்க மாட்டனா?"

மூன்று நாட்கள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். நான்காம் நாள் எங்களையும் அழைத்துக்கொண்டு தலைமை எழுத்தர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அவர் நல்ல மனிதர்.

"கம்முனு இரும்மா. ரெண்டு பசங்கள வெச்சுக்கினு பேஜாருல மாட்டிக்காத. வேலையே போயிடும்."

"போவாத ஊட்டுக்குப் போனேன்னு எழுதிட்டேன் சார். அந்தம்மா தெருவுல நின்னா எனக்கு எப்படி சோறு எறங்கும்?"

"அப்ப புள்ளைக்கு ஜுரம்னாவது சேத்து எழுது."

"ஜுரம் புள்ளைக்குத்தான் சார். கையெழுத்து என்னுது."

மறுநாள் நீதிபதியிடம் இரண்டு வரிகள் எழுதிக் கொடுத்தார். காரணம் எதுவும் எழுதவில்லை. பிறகு அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போய்ச் சொன்னார். பத்து மாதம் பணியிடை நீக்கம்; அந்நாட்களில் மாமா வீட்டில்தான் இருந்தோம். பழைய தீர்ப்பு ரத்தாகி, வழக்கு முதலிலிருந்து நடந்தது. வீடு அந்தப் பெண்ணுக்கே நிலைத்தது. அம்மா மீண்டும் வேலையில் சேர்ந்தார். ஓய்வுபெறும் வரை பதவி உயர்வு வரவில்லை.

ஓய்வுக்குப் பின் வேப்பம்பட்டில் என்னுடன் இருந்தார். டிசம்பர் பிறந்தால் போதும், எதையோ விட்டுவிட்டதுபோல் வீட்டைச் சுற்றி வருவார். சிறுநீரகம் பழுதாகிப் படுத்த கடைசி வாரத்திலும், "யாராவது ஊட்டாண்ட வந்துட்டுப் போனாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

காரியத்தன்று, அந்த வழக்கு வீட்டுப் பெண்மணி விசாரித்துக்கொண்டு வந்தார். தங்கைதான் அவரிடம் என் காய்ச்சலைப் பற்றிச் சொன்னாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்மன் ஒட்டலன்னு வந்து சொன்ன அன்னிக்கு வாசல்ல நிக்கவெச்சு வாய்க்கு வந்தபடி திட்டினேன்பா. தலையக் குனிஞ்சுக்கினு நின்னாங்களே தவிர, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லலியே..."

எங்களுக்கு நிழல் கொடுத்த தாய்மாமாவுக்கும், பத்து மாதமும் வீடு தேடி வந்து விசாரித்த நீதிமன்ற ஊழியர்களுக்கும், டயாலிசிஸ் நாட்களில் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப்போன பக்கத்து வீட்டாருக்கும், ஏசிய வாயாலேயே எங்களை வாழ்த்திச் சென்ற அந்த அம்மாளுக்கும் நானும் தங்கையும் கைகூப்புகிறோம்.

என் காய்ச்சலை இங்கே காரணமாக எழுதியது அம்மாவுக்குப் பிடித்திருக்காது. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.