டைசன் சாப்பிடவில்லை

நாயை விட்டுவிட்டுப் போக வருகிறவர்களை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. வண்டியூரைத் தாண்டி இருக்கிறது எங்கள் நாய்க் காப்பகம். வேறு வீடு பார்த்துக் கொடுங்கள் என்று வாரம் தவறாமல் யாராவது வந்து நிற்பார்கள். பிள்ளைக்கு அலர்ஜி என்பார்கள், வாஸ்து சரியில்லை என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

இன்னாசியம்மாள் அப்படிச் சுற்றி வளைக்கவில்லை.

"அவரு தவறிப்போயிட்டாரும்மா. பசுமலையில இருந்த வாடகை வீட்டையும் ஓனரு வித்துட்டாரு. ஹாஸ்டல்ல வார்டன் வேலை கெடைச்சிருக்கு, தங்க ரூமும் தாராங்க. நாய் மட்டும் கூடாதுங்கிறாங்க. இத விட்டா எனக்கு வேற போக்கு இல்ல."

அவர் என்றது கணவர் லூர்துராஜை. மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்தவர். பள்ளி வாசலில் கிடந்த செவலைக் குட்டியைத் தூக்கி வந்து டைசன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பெயர்தான் டைசன், கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவானாம்.

என்ன ஊசி போட்டிருக்கிறது, யாரையாவது கடித்திருக்கிறானா, எதற்குப் பயப்படுவான் என்று எல்லாம் விசாரித்தேன். அழாமல் பதில் சொன்னார். திரும்பிப் பார்க்காமல் மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏறிப் போனார்.

அன்றிலிருந்து டைசன் சாப்பிடவில்லை. சோறு, முட்டை, கோழி ஈரல் எதைப் போட்டாலும் தட்டுக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, எச்சில் வடிய என் முகத்தையே பார்த்தான். டாக்டர் வந்து பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை, ஏக்கம்தான் என்று சொல்லிவிட்டார். உசிலம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நல்லகாமன் ஞாயிற்றுக்கிழமை வந்து அவனைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பட்டினி கிடக்கிற நாயை எப்படி அனுப்புவது? இன்னாசியம்மாளுக்குப் போன் போட்டேன்.

"இந்தா வாரேன்" என்றவர் சொன்னபடியே தூக்குச்சட்டியில் குழம்புச் சோற்றோடு வந்துவிட்டார். நாய் அவரைச் சுற்றிச் சுற்றிக் குதித்தது. ஆனால் சோற்றைத் தொடவில்லை.

"நான் கூட்டிட்டுப் போயிர்றேன். வேலை போனாப் போகுது."

"கூட்டிட்டு எங்கக்கா போவீங்க? பஸ் ஸ்டாண்டுக்கா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவரும் சாப்பிட்டிருக்கவில்லை. மிச்சச் சோற்றைத் தட்டில் போட்டுத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, கையால் சிலுவை போட்டார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" என்று தொடங்கி ஏதோ முணுமுணுத்து "ஆமென்" என்று முடித்ததுதான் தாமதம், டைசன் தட்டுக்குள் தலையை விட்டான். தட்டு தரையில் தேய்ந்துகொண்டே சுவர்வரை போனது.

இன்னாசியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "ஜெபம் சொல்லாம எங்க வீட்ல யாரும் தட்டுல கை வைக்க மாட்டோம். அவரு விடமாட்டாரு. இவனும் அம்புட்டு நாளும் எங்களோடதான உக்காந்து தின்னான். இதையும் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லயே."

எனக்கும்தான் கேட்கத் தோன்றவில்லை. நாய்க்கு ஜெபம் உண்டா என்று உலகத்தில் எவள் கேட்பாள்?

ஞாயிற்றுக்கிழமை நல்லகாமன் வந்தார். கேலி செய்துவிட்டுப் போய்விடுவாரோ என்று, டைசனை வழியனுப்ப வந்திருந்த இன்னாசியம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"இதுல என்னம்மா இருக்கு? கும்பிடாம நாங்களுந்தான் கெடாக்கறியத் தொடமாட்டோம்" என்ற நல்லகாமன், இன்னாசியம்மாள் பக்கம் திரும்பினார். "எப்படிச் சொல்லணும், சொல்லிக்குடுங்கக்கா."

"கடைசி வார்த்தை மட்டும் சொன்னாப் போதும்ணே."

"அதெப்படி? முழுசாவே சொல்லுங்க."

பாதி வரிகளை முன்னே பின்னே மாற்றிப் போட்டாலும் நல்லகாமன் ஆமெனைச் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். டைசன் அவர் கையாலேயே சாப்பிட்டான். வண்டியில் ஏறும்போது மட்டும் இன்னாசியம்மாளைத் திரும்பிப் பார்த்தான். அவர் அப்போதுதான் அழுதார்.

அடுத்த மாதம் இன்னாசியம்மாள் காப்பகத்துக்கு வந்திருந்தபோது நல்லகாமன் வீட்டுக்குப் போன் போட்டோம். அவர் மனைவி சின்னத்தாய் எடுத்தார்.

"ஏங்க்கா, இம்புட்டு நாளும் இவரு டிவிகிட்ட, மக போனக் கையில வச்சுக்கிட்டு, நான் அடுப்படியிலன்னு ஆளுக்கொரு மூலையில தின்னுக்கிட்டு இருந்தோம். இது என்னடான்னா நடுவீட்ல உக்காந்து எங்க வாயவே பாக்குது. எல்லாரும் வந்து உக்காந்து, கருப்பசாமிய நெனச்சு, உங்க ஆமென்னையும் சொல்லித்தான் இப்பச் சாப்புடுறோம்."

இன்னாசியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் கொடுத்தார்.

"அடுத்த வாரம் போய்ப் பாக்கலாம்னு இருந்தேன் சத்யா. வேணாம். அவனுக்கு வீடு கெடைச்சிருச்சு."