ஆறாவது தோள்

பின்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் முற்றத்தில் ஒரு கொடிக்கம்பம் நிற்கிறது. விசேட நாள்களில் மட்டும் ஏறும் கொடி, சென்ற ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அரைக்கம்பத்தில் தொங்கியது. நாட்டின் பெரியவர் எவரேனும் காலமாகிவிட்டாரோ என்று வானொலியைத் திருப்பினேன்; காலநிலை அறிக்கைதான் வந்தது. கட்டடத்தில் வசிப்பவர் ஒருவர் இறந்தால், பராமரிப்பாளர் வந்து கொடியைப் பாதிக்கு இறக்குவது இங்குள்ள வழக்கம் என்று பின்னர் அறிந்தேன். இறந்தவர் யார் என்று எழுதி ஒட்டுவதில்லை, எவரும் கேட்பதுமில்லை. முற்றத்தைக் கடந்தவர்கள் ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தம் சைக்கிள் பூட்டைத் திறந்தார்கள்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் சாவு இவ்வளவு சத்தமின்றி வருவதில்லை. சாவுக்கு அடிக்கும் தப்பு மேளத்தின் சத்தம் எழுந்ததும், மலையில் கொழுந்து பறிப்பவர்கள் அது எந்த லயத்து வீட்டு வரிசையிலிருந்து வருகிறது என்பதைத் திசையைக் கொண்டே சொல்லிவிடுவார்கள். சாவு வீட்டின் அடுப்பு அணைந்திருக்கும். அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து அங்கே தேநீர் போகும். கலியாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைக்க வேண்டும். சாவுக்கு அழைப்பை எதிர்பார்த்து வீட்டில் இருந்தவனோடு பிறகு எவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். கோயில்காரர், கிறிஸ்தவரான வேதக்காரர் என்ற பேதமும் பெட்டியைத் தூக்கும் வேளையில் இருந்ததில்லை.

நான் பராமரிப்பாளரிடம் கேட்டேன். இறந்தவர் கீழ்த்தளத்து எய்னோ. எண்பதைத் தாண்டியவர், தனியாக வாழ்ந்தவர். ஒன்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஒரே பேருந்தில் ஆலயத்துக்குச் சென்றோம். முதல் ஞாயிறு, நம்மூர் முறைப்படி அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். பேருந்து முழுவதும் காலியாக இருந்தது. அவர் ஜன்னலோரம் ஒதுங்கி, இறங்கும்வரை வெளியே பார்த்தபடி இருந்தார். ஆயினும் அடுத்த ஞாயிறு, பக்கத்து இருக்கையில் தன் தொப்பியை வைத்திருந்தவர் நான் ஏறியதும் அதை எடுத்தார்.

துண்டு துண்டாக அவர் சொன்னதிலிருந்து அவருடைய வாழ்வை அறிந்தேன். கரேலியா என்ற கிழக்குப் பகுதியில் பிறந்தவர். போரில் அது எதிரியின் வசமானபோது, மாட்டை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு குடும்பம் வெளியேறியது. இடையில் ஒரு முறை திரும்பிச் சென்று, எரிந்த வீட்டைக் கட்டி, மறுபடியும் வெளியேறியது. முன்னோரின் கல்லறைகள் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டன. இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில், அங்கே விடப்பட்ட இறந்தோருக்கென்று ஒரு பொதுக்கல் உண்டு; பரிசுத்தவான்கள் திருநாளில் எய்னோ அங்கேதான் மெழுகுதிரி ஏற்றுவார். வந்தவர்களுக்கு அரசு நிலம் பகிர்ந்து கொடுத்தது என்றார். எங்கள் மக்களின் குடியுரிமையை இலங்கை அரசு பறித்ததையும், பிறகு இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தின் பேரில் என் பெரியப்பா குடும்பம் அட்டனில் ரயிலேறி அங்கே போனதையும் அரைகுறைப் பின்னிஷில் நான் சொன்னேன். அவர், "அவர்களுக்கு மாடு இருந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையசைத்தார்.

ஆகவே அன்று பிற்பகலே ஒரு பொட்டலம் தேயிலையும் ஒரு பொட்டலம் சீனியும் எடுத்துக்கொண்டு அவருடைய கதவைத் தட்டினேன். வேறு நகரிலிருந்து வந்திருந்த அவருடைய மகள் மார்யா கதவைத் திறந்தார்.

"நன்றி, வேண்டாம். வாசலில் நாங்கள் எதுவும் வாங்குவதில்லை."

"விற்கவில்லை. உங்கள் அப்பா... கொடி..." என்றேன். அந்த வாசலில் என் பின்னிஷ் அவ்வளவுதான் எட்டியது.

அவர் பொட்டலங்களை வாங்கிப் பார்த்தார். "அப்பா காப்பி மட்டும்தான் குடிப்பார்" என்று சொல்லிக் கதவை மெல்லச் சாத்தினார்.

மாலையில், இந்நாட்டில் தாதியாகப் பணியாற்றும் என் மகள் எஸ்தர் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்தாள்.

"என்னாப்பா செஞ்சிட்டு வந்திருக்கீங்க? இங்க சாவு வீட்டுக்கு யாரும் போகமாட்டாங்க. அடக்கமே மூணு வாரம் கழிச்சுத்தான். அதுக்கும் கூப்பிட்டவங்க மட்டுந்தான் போவாங்க. ரொட்டித் துண்டு மொதக்கொண்டு ஆளுக்கு இத்தனைன்னு எண்ணி வச்சிருப்பாங்க."

"நான் ரொட்டி திங்கவா போறேன்?"

"நீங்க நல்ல மனசோடதான் போவீங்க. அவங்களுக்கு அது தெரியுமா? தயவுசெஞ்சு போகாதீங்க."

என் மனைவியின் தம்பி தங்கராஜ் இன்றும் தோட்டத்தில்தான் இருக்கிறான். தொலைபேசியில் விடயத்தைச் சொன்னேன்.

"மூணு வாரமா? ஏன் மச்சான், அந்தாளு எந்திரிச்சு வந்துருவாருன்னு பாத்துக்கிட்டு இருக்காங்களா?" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அது கெடக்கட்டும். நாளைக்கி ஒங்களுக்கு ஒண்ணுன்னா அங்க தூக்க ஆளிருக்கா?"

எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை மருமகனோடு நின்றுவிட்டது.

இந்நாட்டுச் சபையை நான் குறைகூறவில்லை. நம்பாதவருக்கும் தன் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கிறது. அங்கே புல்கூட ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறது. எங்கள் தோட்டத்துக் கல்லறைகளில் மானாப்புல் மண்டி, சிலுவைகள் சாய்ந்து கிடக்கின்றன. ஆனால் துயரத்தில் இருப்பவரின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஊழியமே என்று எங்கள் உபதேசியார் சொல்லிக் கொடுத்திருந்தார். எய்னோவை அடக்கம் செய்யும் நாளில் நான் வீட்டில் இருந்தால், அந்தப் பாடத்தை வீணாகக் கற்றவனாவேன். அதே வேளை, என்னால் எஸ்தர் தலைகுனியவும் கூடாது. மூன்று வாரமும் இவ்விரண்டுக்கும் நடுவே கிடந்தேன். அடக்கம் சனிக்கிழமை என்று ஆலயத்தில் விசாரித்து அறிந்திருந்தேன். அன்று எஸ்தர் வேலைக்குப் போனபின், கறுப்புக் கோட்டை அணிந்துகொண்டு பேருந்து ஏறினேன்.

கல்லறைச் சிற்றாலயத்தில், அடக்கச் சேவை ஊழியர் நீங்கலாக, போதகரோடு எட்டுப் பேர் இருந்தார்கள். கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும், பெட்டியைத் தூக்க வேண்டியவர்கள் எழுந்தார்கள்: மார்யாவின் கணவர், இரண்டு பேரன்மார், அடக்கச் சேவை ஊழியர் இருவர். ஆறாவதாக எழுந்தவர் எய்னோவின் கரேலிய நண்பர். கைத்தடியை வாங்கில் சாய்த்துவிட்டு இரண்டு அடி வைத்தார், முழங்கால் இடங்கொடுக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண் போதகர் மார்யாவைப் பார்க்க, மார்யா பின்னால் திரும்பினார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். வெளியே போகச் சொல்லப்போகிறார் என்றே எண்ணினேன்.

"நீங்கள் தேயிலை கொண்டு வந்தவர்."

"ஆம்."

"அப்பாவை எப்படித் தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமை. பேருந்து."

பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "தூக்க முடியுமா?"

எழுபத்தோரு வயது என்று சொல்லியிருக்க வேண்டும். "முடியும்" என்றேன்.

ஊழியர், பெட்டியைத் தாங்கும் துணிப் பட்டை ஒன்றை என் இடத்தோளில் மாட்டிவிட்டார். சரளைக்கல் நொறுங்கும் ஓசை தவிர வேறு ஓசையில்லை. எங்கள் தோட்டத்தில் பெட்டி செங்குத்தான படிகளில் இறங்கும், ஒவ்வொரு முடக்கிலும் "தோள் மாத்து!" என்று ஒருவன் கூவுவான், கூவி முடியுமுன் புதிய தோள்கள் நுழைந்துவிடும். இங்கே பாதை திரும்பியபோது அந்தச் சொல் என் தொண்டைவரை வந்தது. முன்னால் போதகர் நடக்க, பின்னால் மார்யாவும் வேறு இரண்டு பெண்களும், கைத்தடியோடு அந்த முதியவரும்தான் வந்துகொண்டிருந்தார்கள். ஆரம்பித்த ஆறு பேரே கடைசிவரை தூக்கினோம். குழியின் சுவர்களில் பச்சை ஊசியிலைக் கிளைகளைச் சார்த்தியிருந்தார்கள். பட்டைகளை அங்குலம் அங்குலமாக விட்டு எய்னோவை இறக்கினோம்.

நான் பேருந்து நிறுத்தத்தை நோக்கித் திரும்பியபோது, மார்யா என் கோட்டின் கையைப் பற்றினார். சபை மண்டபத்தில் எட்டுக் கோப்பைகள் வைத்திருந்தார்கள். பேரன் ஒருவன் ஒன்பதாவதைத் தேடி எடுத்து வந்தான். அதன் தட்டு வேறு நிறமாக இருந்தது.

மாலையில் எஸ்தர் வந்தபோது, கோட்டைக் கழற்ற முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை அறிய அவளுக்கு அந்தக் கோட்டே போதுமாயிருந்தது.

"கூப்பிட்டாங்களாப்பா?"

"தூக்கக் கூப்பிட்டாங்கம்மா."

அவள் திட்டவில்லை. என் கோட்டையும் சட்டையையும் கழற்றி, ஊரிலிருந்து வந்த தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி, என் வலத்தோளில் தேய்க்கத் தொடங்கினாள். நாற்பது ஆண்டுகளாகத் தோட்டத்துப் பெட்டிகள் ஏறி இறங்கிய இடம் அது. கடைசியாக அவள் தாயின் பெட்டி. தோல் காய்த்து, எலும்பு சற்றே புடைத்திருக்கும்.

"அது இல்லம்மா. இந்தப் பக்கம்."

திரும்பிக் காட்டினேன். இடத்தோளில் பட்டையின் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. எஸ்தர் இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றிக்கொண்டு, இரண்டு தோள்களிலும் கைவைத்துத் தேய்த்தாள்.