பிளாஸ்டிக் ஓடத்தில் நண்டுக்குப் போன நாள்

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணத்தார். நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கடல் தொழில் குடும்பம். "அதை ஒருத்தருக்கும் சொல்லாதையும், சாதி பார்ப்பினம்" என்று வந்த அன்றே கணவர் சொல்லியிருந்தார். மூன்று வருடம் சொல்லாமல்தான் இருந்தேன்.

அப்போது ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. என்னோடு பாத்திரம் கழுவிய வெள்ளைக்காரப் பெண்ணுக்கு, விட்டுப்போன கணவனின் கயாக் ஒன்று மிஞ்சியிருந்தது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக இருந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய பிளாஸ்டிக் ஓடம். கென்ட் கரையில் தன் தாய் வீட்டில் அது கிடக்கிறது என்றாள். "அங்கே நண்டு இருக்குமா?" என்று கேட்டேன். தொண்ணூற்றொன்றாம் ஆண்டுக் கோடையில், லீவு நாளொன்றில், இருவரும் ரயிலேறினோம்.

வற்று முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கிய நேரம் ஓடத்தை இறக்கினோம். வளையத்தில் கட்டிய வலைக்குள் மீன்தலையை வைத்துக் கயிற்றில் இறக்கினேன். கரையில் நின்ற தொப்பிக்காரர் ஒருவர் என்னைப் பார்க்காமல் அவளிடம் கத்தினார்.

"அந்தப் பெண்ணுக்குத் தான் என்ன செய்கிறாள் என்று தெரியுமா?"

நான் கயிற்றை ஒரே இழுவையில் தூக்கினேன். வலைக்குள் ஆறு பச்சை நண்டுகள். அவர் பார்க்கட்டும் என்று உயர்த்திப் பிடித்தேன். அதில் ஒன்று ஓடத்துக்குள் விழுந்து அவளுடைய காலடிக்குப் போக, அவள் வீரிட்டாள், ஓடம் ஆடியது. பின்பக்கமாகக் கை வைத்து, கவ்வ முடியாதபடி ஓட்டில் பிடித்து வாளிக்குள் போட்டேன். ஊரில் அப்போது போரால் கடலுக்குப் போகத் தடை. இங்கே என்னைத் தடுக்க அந்தத் தொப்பியைத் தவிர ஒன்றுமில்லை. வாளி நிறையும்வரை கரைக்கு வரமாட்டேன் என்றேன். வரவுமில்லை.

திரும்பும்போது வாளியை மூட அவள் ஒரு துவாய் தந்தாள். வேண்டாமென்றேன். ரயிலில் எதிரே இருந்தவர்கள் எழுந்து போனார்கள். நான் காலை நீட்டிக்கொண்டேன்.

பின்னேரம் குழம்பு கொதிக்க, வாசனை பிடித்துக்கொண்டு வீட்டுக்கார அக்கா சமையலறைக்கு வந்தா.

"பிள்ளை, உது ஆர் பிடிச்சது?"

"நான்தான் அக்கா."

"நீரோ? உதெல்லாம் எங்கை பழகினனீர்?"

கணவர் அவவுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார்.

"என்ர அப்பா மீன்பிடிக்கிறவர். இவரின்ர அப்பாவும் அதுதான்."

அக்காவின் முகம் மாறியது. "நாலு சனம் வந்து போற வீடு, பிள்ளை. முதலே சொல்லியிருக்கலாமெல்லோ?"

"ஓம் அக்கா, சொல்லியிருக்க வேணும். பிழைதான். இனி எல்லாருக்கும் சொல்லுறன்."

மாதக் கடைசியோடு அறையை விடச் சொன்னார்கள். கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. குழம்பை மட்டும் மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

அடுத்த வீடு பார்க்கப் போனபோதும் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தார்தான். படியேறும் முன்பே வாசலில் நின்று சொன்னேன்:

"அண்ணை, நாங்கள் கடல் தொழில் ஆக்கள். நண்டும் சமைப்பன். உங்களுக்குச் சம்மதமெண்டால் மட்டும் அறையைக் காட்டுங்கோ."