அக்கா நடத்திய சீட்டு

அவளுக்கு ‘ரேடியோ’ என்று பேர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. நாடு விட்டு வந்தவர்களுக்குப் பண விவரம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில், டீச்சர் பேசுவதைத் தமிழில் சொல்ல அவளைத்தான் கூப்பிட்டார்கள். சலவைக்கடைக்கு மேலே அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே நாற்காலி நடுங்கும். பேங்க் கணக்கு, வாடகை ஒப்பந்தம் என்று வாரம் ஒன்றாக வெளுத்துக் கட்டினாள்.

அந்த வாரம்தான் மாட்டிக்கொண்டாள்.

“இன்னிக்கு சீட்டு பத்திப் பேசப் போறாங்களாமே? மேலோட்டமா சொல்லிட்டு விட்டுடு” என்று படியிலேயே வழிமறித்தாள் அக்கா. ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் அக்காதான் இருபது குடும்பங்களுக்குச் சீட்டு நடத்தினாள். தங்கையை இந்த நாட்டுக்கு வரவழைத்ததும் அவள்தான். அவள் பேச்சைத் தட்ட முடியுமா?

டீச்சர் பேசினார். எழுத்தில் ஒன்றும் இல்லாத சீட்டில் பணம் போனால் கேட்க நாதி கிடையாது; புது ஆளிடம் வாங்கிப் பழைய ஆளுக்குக் கொடுக்க ஆரம்பித்தால் முடிந்தது கதை. ரேடியோ முன்வரிசையைப் பார்த்தாள். போன மாதம் வந்து சேர்ந்த ஒரு பெண், வளையல் விற்ற பணத்தைப் பையோடு மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் அக்கா கைக்குப் போகிற பணம். ஐயோ, இவள் எங்கே போய் அழுவாள்!

டீச்சர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். எல்லாத் தலையும் அக்கா உட்கார்ந்திருந்த பின்வரிசைக்குத் திரும்பியது. அக்கா எழுந்து போய்விட்டாள்.

மற்றவர்கள் எல்லாரும் போன பிறகு திரும்பி வந்தாள்.

“அடிப்பாவி, உன்னால...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தி, டீச்சருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இவங்ககிட்ட சொல்லுடி. முதல்ல சீட்டு எடுத்த ரெண்டு பேரும் சொல்லாம கொள்ளாம ஓடிட்டாங்க. ஒரு வருஷமா அவங்க பங்கை என் சம்பளத்துலதான் போடறேன். இனிமே முடியல. அதான் புதுசா ஆள் சேர்க்கப் பார்த்தேன். நான் என்ன பண்ணணும்னு கேளு.”

அக்கா கமிஷனில் கொழிக்கிறாள் என்றல்லவா தங்கை இத்தனை நாள் நினைத்திருந்தாள்! மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு ‘பசிக்கல’ என்றதெல்லாம் இதற்குத்தானா? தங்கை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்.

“அழுதுட்டே சொன்னாலும் பரவாயில்ல, சொல்லு” என்றாள் அக்கா.