அக்காவின் நாற்காலியும் அத்தானின் செம்பு வளையமும்

என் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனிதர் குடியிருப்பது, மாதத்தில் பத்து நாள் லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். அதன் பராமரிப்பு வேறொரு கம்பெனியிடம் இருப்பதால் இவர் அதைத் தொடக் கூடாது. நான் மூச்சு வாங்கப் படியேறி வந்து திட்டும்போதெல்லாம், "அது அவங்க வேலை, மாப்ளே" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

பொதுவாகவே அவரிடமிருந்து வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற காரியம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆகிவிட்டால் மனிதர் வாயாடி. வாயால் அல்ல, விரலால். பொழுதுபோக்குக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிற ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கிறார், தந்தி மாதிரி மோர்ஸ் தட்டுவார். நீளமும் குட்டையுமாக 'டா டிட் டிட்' என்று ஒரு மணி நேரம் அடைமழை.

மறுமுனையில் இருப்பவர் ஒரு தையல்காரர். கடலுக்கு அருகே, எங்கேயோ தொலைவில் இருக்கிறார். பதினோரு வருடப் பழக்கம், ஒரு முறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. அவருக்கு ஒரு காது எப்போதோ போய்விட்டது. இன்னொன்றும் பாதிதான். போனில் யாராவது பேசினால் வார்த்தைகள் குழைந்துபோன கஞ்சி மாதிரி கேட்கிறதாம். ஆனால் மோர்ஸின் ஒற்றைக் கீச்சு மட்டும் அந்தப் பாதிக் காதில் தெளிவாக விழும். ஆக, அவர் காதால் கேட்டுப் புரிந்துகொள்கிற ஒரே பேச்சு என் அத்தானுடையது. ஊமைக்கோட்டான் என்று எங்கள் குடும்பமே பட்டம் கட்டிய மனிதருக்கு இப்படி ஒரு பதவி.

முன்பு ரேடியோவின் ஏரியலாக மொட்டை மாடியில் ஒரு நீளக் கம்பி கட்டியிருந்தார். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, இடி விழும், காக்கா மாட்டும், கட்டடத்தின் அழகு கெடும் என்று மூன்று காரணம் சொல்லிக் கழற்ற வைத்தார். காரை பெயர்ந்து நிற்கிற கட்டடத்துக்கு என்ன அழகோ, அவருக்கே வெளிச்சம். அத்தான் சண்டை போடவில்லை. ஏசிக்குப் போடுகிற செம்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு மீட்டர் அகலத்துக்கு வட்டமாக வளைத்து, ஓடாத ஸ்டாண்ட் ஃபேனின் கம்பத்தில் நிறுத்தினார். பெரிய வளையத்துக்குள் ரேடியோவோடு இணைகிற சின்ன வளையம் ஒன்று. ஞாயிறு மூன்று மணிக்கு பால்கனியில் மாட்டுவார். ஐந்தரைக்குக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். செயலாளர் கீழிருந்து அண்ணாந்து பார்த்தாலும் துணி காயப்போடுகிற சமாசாரம் மாதிரிதான் தெரியும். அக்கா சில நாள் அதில் சாக்ஸ் காயப்போட்டதும் உண்டு.

அந்த வளையம் முழுதாக மூடியிருக்காது. உச்சியில் இரண்டு விரல் இடைவெளி. அங்கே ஒரு கேபிள் துண்டு தொங்கும். அதன் நீளத்தை வைத்துத்தான் வளையம் எந்த அலைவரிசைக்கு இசைந்து நிற்கும் என்பது. மற்றவர்கள் அந்த இடத்தில் திருகுகிற குமிழ் ஒன்றை வைத்துக்கொள்வார்களாம், வேண்டிய இடத்துக்குத் திருப்பிக்கொள்ள. "நான் பேசறது ஒரே ஆளு, ஒரே இடம். திருகி என்ன பண்ண?" என்றார் அத்தான். நாலு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, மீட்டரில் முள்ளைப் பார்த்துக்கொண்டே கேபிளை நகக்கண் அளவு நறுக்கினார், பார்த்தார், நறுக்கினார். முள் எழுந்து நின்றால் அனுப்புகிற சக்தி வெளியே போகாமல் திரும்பி வருகிறது என்று அர்த்தம்; இடது ஓரத்தில் படுத்துவிட்டால் எல்லாம் போய்ச் சேர்கிறது. முள் படுத்ததும் கட்டரைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அந்தக் கேபிளைத் தொட்டதில்லை.

அந்த ஞாயிறு நானும் இருந்தேன். அக்கா கணக்கு டீச்சர். பால்கனி வெளிச்சத்தில் பிரம்பு நாற்காலியைப் போட்டு, வளையத்தில் தோள் இடிக்காத குறையாக உட்கார்ந்து, நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். கேபிள் துணுக்கெல்லாம் நோட்டில் விழுகிறது என்று அன்றைக்கு அத்தானுக்கு நல்ல அர்ச்சனை. ஆனால் இடத்தை மாற்றவில்லை. அன்று மட்டுமல்ல, நாலு வருடமாக எல்லா ஞாயிறும் அங்கேயேதான். "வாரத்துல ஒரு நாள் வீட்டுல இருக்காரு, அந்த ஒரு நாளும் முதுகைத்தான் காட்டறாரு" என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அந்த முதுகுக்குப் பக்கத்திலேயே போய் உட்காருவாள்.

இந்த வருடம் ஒரு ஞாயிறு தையல்காரர் ஒரு சேதி அனுப்பினார். மீதியிருக்கிற காதில் ஆபரேஷன், அடுத்த ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை. நன்றாகவும் ஆகலாம், இருப்பதும் போகலாம், டாக்டரே சரிபாதி என்கிறார். அதற்கு முன் ஒரு ஞாயிறு இருக்கிறது, நாலு மணிக்குக் கட்டாயம் வா.

அந்த வாரம் அக்காவுக்கு வேறு ஊரில் விடைத்தாள் திருத்தும் முகாம், பத்து நாள். அத்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்க்கச் சொல்லி என்னை நியமித்துவிட்டுப் போனாள். ஞாயிறு மூன்றரைக்குப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. ஐந்து மாடி ஏறிக் கதவைத் திறந்தால், சமையலறை மேடையில் காலையில் வாங்கிய ரொட்டி பிரிக்காமல் கிடக்கிறது. பால்கனியில் அத்தான் வளையத்தின் முன்னால் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறார்.

"எதுக்கும் நேத்தே மாட்டிப் பாத்தேன், அப்பலேருந்து முள்ளு இறங்க மாட்டேங்குது. எல்லாத்தையும் கழட்டித் தேச்சு மாட்டிட்டேன். எங்கேயும் துரு இல்ல, ஒடசல் இல்ல" என்றார்.

எனக்கும் பதறியது. "வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் அனுப்பிடலாமே, அத்தான்."

"அனுப்பலாம். அதைக் கண்ணால படிப்பாரு."

அவர் கையில் கட்டர் இருந்தது. கேபிளை இன்னும் கொஞ்சம் நறுக்கிப் பார்க்கப்போகிறாராம். சரியாகத்தான் செய்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. கட்டரைக் கேபிளுக்குக் கொண்டுபோனார், எடுத்தார், திரும்பக் கொண்டுபோனார். லிஃப்ட் குழிக்குள் நாற்பது அடிக்கு மேலே தொங்கிக்கொண்டு வேலை செய்கிற கை அது. பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கால் வேறு கெஞ்சியது. அக்காவின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

முள் இறங்கியது.

அத்தான் கட்டரை அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எந்திரி."

எழுந்தேன். முள்ளும் எழுந்தது.

"உக்காரு."

உட்கார்ந்தேன். முள்ளும் படுத்தது. மூன்றாவது தடவை எழுப்பியபோது, "நான் என்ன அத்தான் பண்ணேன்?" என்றேன், திருட்டுப் பட்டம் வந்துவிட்டதுபோல.

அவர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக விளக்கினார். இந்த வளையத்துக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் அதன் இசைவு கொஞ்சம் நகரும். இது எந்த ஹாமுக்கும் தெரிந்த பாலபாடம். கேபிளை நறுக்கிய அன்றைக்கு அக்கா பக்கத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் இருந்தாள். அவளையும் சேர்த்துத்தான் அளவெடுத்திருக்கிறார், அது தெரியாமலே. "நாலு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமைகூட அவ எந்திரிச்சுப் போனதில்ல, மாப்ளே. போயிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. உடம்பில் நான் அக்காவைப்போல் ஒன்றரைப் பங்கு. முள் முழுதாகப் படுக்கவில்லை.

"உங்கக்கா மாதிரி உக்காரு" என்றார்.

"எப்படி?"

"குனிஞ்சு. மடியில நோட்டு இருக்கிற மாதிரி. அவ்வளவு இல்ல, கொஞ்சம் பின்னால. அதான். இனிமே அசையாதே."

"மூச்சு விடலாமா?"

"அளவா."

ஒரு மணி நேரம், இல்லாத நோட்டைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூக்கு அரித்தது, பொறுத்துக்கொண்டேன். சரியாக நாலு மணிக்குத் தையல்காரரின் கீச்சு வந்தது. அத்தானின் விரல் தட்ட ஆரம்பித்தது. அதில் தயக்கம் இல்லை. என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் இரண்டு தடவை அத்தான் சிரித்தார், ஒரு தடவை கண்ணைத் துடைத்தார்.

ஹாம்கள் விடைபெறும்போது கடைசியில் இரண்டு குட்டைப் புள்ளி தட்டுவார்கள், டிட் டிட் என்று. அன்றைக்கு அது வரவில்லை. பாதியில் அறுந்துவிட்டதோ என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"அதை மட்டும் பாக்கி வச்சிருக்காராம். கட்டு பிரிச்சு, காது கேட்டா, நாலாவது ஞாயிறு நாலு மணிக்கு அதுலேருந்து ஆரம்பிப்பேன்னாரு. கேக்கலைன்னா இப்படியே இருக்கட்டும்னாரு."

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "அப்ப என்னையும் அந்த மெஷின்ல ஒரு உருப்படியா மாட்டி வச்சிருக்காரு" என்று சிரித்தாள். பிறகு, அவர் ரொட்டி சாப்பிட்டாரா என்று கேட்டாள்.

காலி நாற்காலிக்கு ஏற்றமாதிரி புதிதாக ஒரு கேபிள் வெட்டி வைத்துக்கொள்ளச் சொல்லி அத்தானிடம் யோசனை சொன்னேன். பத்து நிமிட வேலை. "எதுக்கு? அதான் ஆள் இருக்காளே" என்றார்.

நாலாவது ஞாயிறு நானும் போனேன். கோடை விடுமுறை, திருத்துவதற்கு ஒரு நோட்டும் இல்லை. இருந்தும் அக்கா மூன்றே காலுக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், மடியில் பழைய நோட்டு, கையில் சிவப்புப் பேனா, அதே குனிவு. நாலு அடித்தது. ஒன்றும் இல்லை. நாலு ஐந்து. ரேடியோவில் வெறும் இரைச்சல். அத்தான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார், தனியாகக் கேட்கத் தைரியம் இல்லாதவர்போல. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு ஒன்பது.

டிட் டிட்.

அக்காவுக்கு மோர்ஸில் வேறு எழுத்து எதுவும் தெரியாது. இது தெரியும், நாலு வருடமாக வாராவாரம் கேட்டிருக்கிறாள். அத்தான் மோர்ஸ் தட்டுகிற விசையின் மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"பதில் சொல்லுங்க" என்றாள் அக்கா, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நான் அசையல."