அண்டாவில் கலந்த கூழ்

சென்னீர்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடி வாசலில் போன ஞாயிறு ஆடிக் கூழ் ஊற்றினார்கள். கேட்டரிங்காரர் காகிதக் கப்பில் ஊற்றி நீட்ட, வாங்கி மோந்து பார்த்தேன். புளிப்பே இல்லை. மாவை முதல் நாளே கரைத்து வைத்திருக்க மாட்டார்கள். கூழ் என்றால் நான் கொஞ்சம் நீதிபதி ஆகிவிடுவேன்; நொய் வெந்ததா, வெங்காயம் சின்னதா என்று விசாரணையே நடக்கும்.

புளித்த கூழ் வாசனை வந்தாலே அம்மா தலையில் குடத்தோடு நடந்ததுதான் எனக்கு நினைவுக்கு வரும். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். அங்கே ஆடியில் ஒரு வழக்கம். ஊர்த்தெருவில் வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சி, குடத்துக்கு வேப்பிலை கட்டி, அம்மன் கோயிலில் ஒரே அண்டாவில் கொண்டுபோய் ஊற்றுவார்கள். எல்லா வீட்டுக் கூழும் கலந்த பிறகுதான் விநியோகம். காலனியில் இருந்த நாங்கள் மட்டும் ஊற்றக் கூடாது. கடைசியில் போய்ப் பாத்திரத்தை நீட்டலாம். கரண்டி பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள், கையெல்லாம் தெறிக்கும். அவர்கள் கூழ் எங்களுக்குப் பிரசாதம், எங்கள் கூழ் அவர்களுக்குத் தீட்டு. இதைப் பக்தி என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கேன்டீனில் ஒரே மேஜையில் எல்லோரும் என் டிபன் பாக்ஸில் கை வைப்பார்கள். கருவாட்டுக் குழம்புக்கு அடிதடியே நடக்கும். அதை வீட்டில் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அம்மா கன்னியம்மா கீரை ஆய்ந்தபடி கேட்டாள். "அங்க துண்றாங்க. இங்க மட்டும் இன்னாத்துக்கு ஆவாது?" என்றாள்.

அந்த ஆடி ஞாயிறு குடத்தைத் தூக்கிவிட்டாள். நான் ஏதோ வீராங்கனை என்று நினைத்துவிடாதீர்கள். "வேணாம்மா, வா ஊட்டுக்குப் போலாம்" என்று கோயில் வரைக்கும் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன்.

அண்டா அருகே துடுப்போடு நின்றவர் பொன்னுரங்கம். எத்தனையோ வருடமாக அவர்தான் கிண்டுபவர். யார் ஊற்றினாலும் நிமிர்ந்து பார்க்காமல் மூன்று சுற்றுக் கலக்குவார். கூட்டம் கவனிப்பதற்குள் அம்மா நேராகப் போய் ஊற்றினாள். அவரும் பழக்க தோஷத்தில் மூன்று சுற்றுக் கலக்கினார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"இன்னாமே பண்ட்ட?"

"ஊத்தனேன். கலக்குனது நீதான் அண்ணாத்தே."

ஒரே கூச்சல். "கொட்டுங்கடா அத்த!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார். அம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நகரவே இல்லை. "கொட்டு. ஆத்தா கூழுன்னு கற்பூரம் காட்னீங்களே, தோ, பாத்துகினு கீறா. எவன் கை வருதுன்னு நானும் பாக்கறேன்."

ஒரு கையும் வரவில்லை. பொன்னுரங்கம் துடுப்பைப் போட்டுவிட்டுப் போனார். பாதிப் பேர் காலிப் பாத்திரத்தோடு வீடு திரும்பினார்கள். மீதிப் பேர், ஊர்த்தெருக்காரர்கள் சிலரும்தான், அம்மா மொண்டு ஊற்ற வாங்கிக் குடித்தார்கள். நான் மூன்று சொம்பு குடித்தேன். பயம் போகவில்லை, ஆனாலும் என்ன ருசி!

அடுத்த ஆடிக்கும் அம்மா மாவு கரைத்து வைத்தாள். காலையில் கோயில் மைக்கில் அறிவித்தார்கள்: இனி வீட்டுக் கூழ் கிடையாது, சமையல்காரரை வைத்துக் கோயிலிலேயே காய்ச்சுவார்களாம். சுத்தத்துக்காகவாம். அம்மா சத்தமாகச் சிரித்தாள். "தோத்துட்டானுங்கடி" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய், பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் ஊற்றிவிட்டு வந்தாள்.

ஊரே வந்து ஊற்றிய அந்த அண்டா அதோடு போயிற்று. பழைய வழக்கமெல்லாம் காலத்தோடு போய்விட்டது என்று ஊர்க்காரர்கள் இப்போது பெருமூச்சு விடுகிறார்கள். காலம் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் கூழோடு கலப்பதைவிட ஆத்தாளுக்கு ஊற்றாமல் இருப்பதே மேல் என்று அவர்கள்தான் நிறுத்தினார்கள். என் அம்மாவின் ஒரு குடம் கூழுக்கு அவ்வளவு பயம்.