பைரிக்குக் கைதட்டினவர்கள்

கிளிஃபர்ட் என்ட்விசிலுக்கு ஆத்திரம் வந்தால் காது சிவந்துவிடும். அவருடைய அப்பா ஹெர்பர்ட்டுக்கும் அப்படித்தான், ஹெர்பர்ட்டின் தங்கை ஆலிஸுக்கும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் யாருக்குக் கோபம் என்று முதுகுப் பக்கம் நின்றே சொல்லிவிடலாம்.

பந்தயப் புறா வளர்க்கிற அவருடைய காது அந்த வருஷம் முழுக்கச் சிவந்துதான் இருந்தது. லங்காஷயரில் இருந்த அந்தப் பஞ்சாலை ஊரின் தேவாலயக் கோபுரத்தில் புறாவைப் பறக்கையிலேயே அடிக்கும் வேட்டைப் பறவையான பைரி ஒரு ஜோடி கூடு வைத்திருந்தது. கீழே தொலைநோக்கியோடு கூட்டம் நிற்கும். பைரி சிறகை மடக்கித் தலைகீழாக இறங்கினால் அதற்கு ‘ஸ்டூப்’ என்று அவர்களுக்குத் தனிச் சொல். உச்சரிக்கும்போதே முகம் மலர்ந்துவிடும். பத்திரிகைக்காரன் ஓட்டெடுப்பு நடத்திப் பைரிகளுக்குப் பெயர்கூட வைத்தான். அடிபட்டு விழுகிற புறாவின் பெயரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கொடுமை என்னவென்றால், கிளிஃபர்டின் அக்கா வின்னியின் மகள் ஜேனட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. மாமா வீட்டில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டே அந்தச் சொல்லைச் சொன்னாள்.

“மேலேருந்து குதிச்சு ஒருத்தன் கிழவியோட கைப்பையைப் பறிச்சா, அதுக்கு என்ன பேரும்மா வெப்பீங்க?” என்றார் கிளிஃபர்ட்.

“மாமா, அது பறவை.”

“என் புறா மட்டும் என்ன, செங்கல்லா?”

ஆலைகளை மூடியபோதும் இப்படித்தான். பேப்பரில் ‘சரிவு’ என்று போட்டார்கள். ஏதோ மலைமண் தானாகச் சரிந்ததுபோல. தள்ளிவிட்டவன் பெயர் அதில் இல்லை. வின்னி வேலையிழந்து வந்து அழுத நாற்காலி இன்னும் அவர் அடுப்படியில்தான் கிடக்கிறது.

சனிக்கிழமை, வீடு திரும்பும் புறாக்களின் பந்தயம். பிரான்சில் திறந்துவிட்ட புறாக்களில் அவருடைய நீலப் பெட்டை மேபலும் ஒன்று. கூண்டருகே நின்று சோளம் போட்ட தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டே வானத்தைப் பார்த்திருந்தார். மேபலுக்கு அந்தச் சத்தம் தெரியும், கேட்டால் நேரே இறங்கிவிடும். சாயங்காலம் கோபுரத்துப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. இருட்டும் வரைக்கும் தகரத்தைக் குலுக்கினார். மேபல் வரவில்லை.

மறுநாள் தேவாலயத்துக்குப் போனார், ஜெபிக்க அல்ல. தொலைநோக்கிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதன்மேல் கண்ணாடிக் கிண்ணம். கோபுரத்தடியில் பொறுக்கிய, புறாக்களின் எண் பொறித்த கால் வளையங்கள் அதில் கிடந்தன. குழந்தைகள் அவற்றை அள்ளி அள்ளிக் கொட்டி விளையாடின. கிளிஃபர்ட் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளறினார். மேபலின் வளையம் மேலாகவே கிடந்தது. குஞ்சாக இருந்தபோது விரல்களைச் சேர்த்துப் பிடித்து அவரே போட்டுவிட்டது.

பைரி பார்க்கும் ஏற்பாட்டின் பொறுப்பாளர் பெம்பர்ட்டன் வெளியூர்க்காரர், மரியாதையானவர். அது காட்சிப்பொருள், குழந்தைகள் படிப்பதற்காக வைத்தது, எடுக்கக் கூடாது என்று தன்மையாகச் சொன்னார். நேற்றைய பாய்ச்சலைப் பார்க்காமல் போய்விட்டீர்களே என்று வருத்தமும் பட்டார்.

“கேட்டேன் சார்,” என்றார் கிளிஃபர்ட். “நீங்க கைதட்டினது எங்க வீட்டுக் கூண்டு வரைக்கும் கேட்டுது. கடலத் தாண்டி வந்தவ. கண்ணுக்கு வீடு தெரிஞ்சிருக்கும் அவளுக்கு.”

தொலைநோக்கியருகே நின்ற ஜேனட் மேஜைக்கு வந்தாள். பிறகு மேபலின் வளையத்தை எடுத்து நீட்டினாள். “வெச்சுக்குங்க மாமா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“எனக்கு மட்டுமா? மத்தவங்க புறா தெருவுல பொறந்ததா?”

கிண்ணத்தையே தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். பெம்பர்ட்டன் பின்னாலேயே வந்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினவள் ஜேனட்தான்.

வளையங்களை உரியவர்களிடம் சேர்க்க முதலில் போனது ஏர்னஸ்ட் ஹோல்ராய்ட் வீட்டுக்கு. புறாச் சங்கத் தேர்தலில் முட்டிக்கொண்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. கதவைத் திறந்த ஏர்னஸ்ட், கிளிஃபர்டின் சிவந்த காதைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு சிவப்பு வளையத்தைப் பிரித்தெடுத்தார்.

“இது நம்ம ரூபி. போன மாசம் வழி தப்பிடுச்சுன்னுல்ல நெனச்சேன். முட்டாப் பொண்ணுன்னு திட்டிட்டேனே.”

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். அடுத்த வீட்டுக் கதவை ஏர்னஸ்ட்தான் தட்டினார்.